மொட்டைமாடியின் சூடு யார் கணக்கில்?

2023 ஏப்ரல் 21: வாசகர் ஒருவரின் கேள்வி

"நேற்று தமிழ்நாட்டின் உச்ச மின்தேவை 19,000 மெகாவாட்டைத் தாண்டிவிட்டது. வட சென்னையிலும் மேட்டூரிலும் தூத்துக்குடியிலும் நிலக்கரியை எரிப்பது அரசு. நெய்வேலியில் பழுப்பு நிலக்கரியைத் தோண்டி எரிப்பதும் அரசு நிறுவனமே. இப்படியிருக்க, புவி சூடாகிறது, ஆகவே உன் வீட்டு மின்விசிறியை மாற்று, விளக்கை அணை என்று எனக்கு உபதேசம் செய்வது, யானை புகுந்த வயலில் எலிக்குப் பொறி வைப்பது போல் இல்லையா? தனிமனிதப் பொறுப்பு என்பதே அரசும் பெருநிறுவனங்களும் தங்கள் தலையிலிருந்து இறக்கி நம் தலையில் ஏற்றிய சுமை என்கிறேன். மறுப்பவர் உண்டா?"

2023 ஏப்ரல் 21, இரவு

பாதியை மறுக்கிறேன். சுமையை இறக்கி வைத்தார்கள் என்பது உண்மைதான். "கார்பன் தடம்" (ஒருவரால் வெளியாகும் கரியமில வாயுவின் அளவு) என்ற சொல்லை 2000-களின் நடுவில் விளம்பரங்கள் வழியாக வீட்டுக்கு வீடு கொண்டு சேர்த்ததில் பெரும்பங்கு பி.பி. என்ற எண்ணெய் நிறுவனத்துக்கு உண்டு. உங்கள் தடம் என்ன என்று கணக்கிட்டுப் பாருங்கள் என்று எண்ணெய் விற்பவரே நம்மைக் கேட்டது வேடிக்கைதான். ஓர் இந்தியரின் பங்கு ஆண்டுக்குச் சுமார் இரண்டு டன் கரியமில வாயு. அமெரிக்கரின் பங்கு அதைப்போல் ஏழு மடங்கு. ஆகவே குரோம்பேட்டையில் வாடகை வீட்டில் இருக்கும் நான் குற்ற உணர்வில் உழல வேண்டியதில்லை என்பதை ஏற்கிறேன்.

ஆனால் கணக்கு எழுதிப் பிழைப்பவன் என்பதால் எலியின் எடையையும் பார்த்துவிடுவது என் வழக்கம். பழைய கூரை மின்விசிறி 75 வாட் இழுக்கும். இப்போது வரும் பி.எல்.டி.சி. என்ற புதுவகை மோட்டார் விசிறி 30 வாட்டில் அதே காற்றைத் தரும். வேறுபாடு 45 வாட். இரண்டு மாதத்தில் ஒரு விசிறிக்கு 65 யூனிட் மிச்சம். நம் மின்கட்டமைப்பில் ஒரு யூனிட்டுக்குச் சுமார் 0.7 கிலோ கரியமில வாயு வெளியாகிறது. அப்படியானால் ஒரே ஒரு விசிறியால் 45 கிலோ குறைகிறது. இது எலியாக இருந்தாலும் நன்றாகத் தின்று கொழுத்த எலி.

2023 ஏப்ரல் 23

மேலே உள்ள 65 யூனிட் தவறு. கோவையிலிருந்து ஒருவர், "உங்கள் வீட்டில் விசிறி இருபத்து நான்கு மணி நேரமும் சுற்றுகிறதா?" என்று கேட்டிருக்கிறார். நான் 24 மணி நேரத்தால் பெருக்கியிருக்கிறேன். கணக்கு எழுதிப் பிழைப்பவன் என்று இரண்டு நாள் முன்னால்தான் மார்தட்டினேன். அந்த வரியை அழிக்காமல் அப்படியே விட்டுவைக்கிறேன்.

பதினாறு மணி நேரம் என்று வைத்தால் 43 யூனிட், சுமார் 30 கிலோ. அம்மாவின் அறை விசிறிக்கு மட்டும் பழைய கணக்கே பொருந்தும். அவர் பகலிலும் விசிறியை நிறுத்த விடமாட்டார். அந்த அறைக்குத்தான் முதலில் புதிய விசிறி வாங்கினேன். அதற்குச் சுவரில் திருகும் ரெகுலேட்டர் கிடையாது, தொலையியக்கி மட்டுமே. முதல் வாரத்திலேயே அது தலையணை உறைக்குள் போய், உறையோடு சலவை இயந்திரத்துக்கும் போய் வந்தது. இப்போது அதை ஒரு நாடாவில் கட்டிக் கட்டில் காலில் தொங்கவிட்டிருக்கிறோம். ஆற்றல் சிக்கனத்தைப் பற்றிய எந்த அறிக்கையிலும் இந்த நாடா வராது.

2023 ஏப்ரல் 29

விசிறியைப் பற்றி எழுதிவிட்டேனே தவிர, என் வீட்டின் உண்மையான தொல்லை விசிறி அன்று, அதற்கு மேலே இருக்கும் தளம். அதைச் சொல்லாமல் இந்தப் பேச்சில் நான் கலந்துகொள்வது முறையாகாது.

நாங்கள் இருப்பது மாடியில். கீழே வீட்டுக்காரர் குடும்பம். தரைத்தளத்தை அவருடைய தந்தையார் கட்டியபோது, அந்தக் கால வழக்கப்படி கூரையின்மேல் செங்கல் ஜல்லியையும் சுண்ணாம்பையும் கலந்து போட்டு, மட்டைப் பலகையால் நாள்கணக்கில் அடித்து, மேலே தட்டோடு பதித்திருக்கிறார்கள். பின்னர் 2009-ல் மாடியை எழுப்பியபோது இதெல்லாம் எதற்கு என்று விட்டுவிட்டார்கள். எங்கள் தலைக்கு மேலே இருப்பது வெறும் கான்கிரீட், அதன்மேல் ஒரு சிமெண்டுப் பூச்சு, அதன்மேல் சித்திரை மாத வெயில்.

காலையில் வீடு பரவாயில்லை என்றுதான் தோன்றும். பிற்பகல் மூன்று மணிக்குமேல் தளம் வாங்கிய சூட்டைத் திருப்பிக் கொடுக்கத் தொடங்கும். நாற்காலியில் ஏறி உள்கூரையில் கை வைத்தால், இட்லிப் பானை மூடியைத் தொட்டது போல் கையை எடுத்துக்கொள்வோம். கொரோனா காலத்தில் வாங்கிய, நெற்றியில் காட்டிக் காய்ச்சல் பார்க்கும் கருவி வீட்டில் இருந்தது. அதைக் கூரைக்குக் காட்டினேன். மனித உடலுக்கு என்று செய்த கருவி என்பதால் 43-க்கு மேல் எண் காட்டத் தெரியாமல் 'ஹை' என்று மட்டும் சொல்லிக் கீச்சிட்டது. இரவு பத்து மணிக்கும் அதே பதில். அந்தக் கூரைக்கும் கட்டிலுக்கும் நடுவே 30 வாட் விசிறி சுற்றினால் என்ன, 75 வாட் விசிறி சுற்றினால் என்ன, இரண்டும் அனல்காற்றைத்தான் கீழே தள்ளும்.

வீட்டுக்காரரிடம் கூரைக்கு வெப்பம் தடுக்கும் ஓடு பதிக்கச் சொன்னேன். "தம்பி, நாங்கள் இருக்கிற கீழ்த்தளம் குளுகுளுவென்றுதானே இருக்கிறது?" என்றார். அவர் சொன்னது பொய்யில்லை. அவர் வீட்டைக் குளிர்ச்சியாக வைத்திருப்பதே மேலே வெயில் காயும் எங்கள் வீடுதான்.

இன்னொன்றும் உண்டு. எங்களுக்குத் தனி மின்னிணைப்பு இல்லை, சப்மீட்டர்தான். யூனிட்டுக்கு எட்டு ரூபாய் வாங்குகிறார். அரசு எல்லா வீட்டுக்கும் இரண்டு மாதத்துக்கு 100 யூனிட்டை இலவசமாகத் தருகிறது, அடுத்த 100 யூனிட் 2.25 ரூபாய். அந்தச் சலுகையில் ஒரு பைசாவும் மாடிப்படி ஏறி எங்களிடம் வருவதில்லை. அவர் எங்களிடம் கொள்ளையடிக்கிறார் என்பது என் முடிவு.

2023 மே 2

"வேறு வீடு பார்த்துக்கொண்டு போக வேண்டியதுதானே?" என்று கேட்டவருக்கு: பத்து மாத முன்பணம், அம்மாவுக்குப் பழகிய மருத்துவர், நடந்து போகும் தூரத்தில் ரயில் நிலையம். இந்த மூன்றோடும், தட்டோடு பதித்த கூரையோடும் ஒரு வீடு தெரிந்தால் சொல்லுங்கள்.

2023 மே 7

சொந்தச் செலவில் சுண்ணாம்பு அடித்தேன். கிளிஞ்சல் சுண்ணாம்பைத் தொட்டியில் ஊறவைத்து, பழைய வேட்டியில் வடிகட்டி, ஒட்டிப் பிடிப்பதற்கு ஃபெவிகால் கலந்து, விடியற்காலை ஐந்தரை மணிக்கு நானும் மனைவியும் தென்னந்துடைப்பத்தால் இழுத்தோம். முதல் பூச்சு காய்ந்தபின் மறுநாள் இரண்டாவது. ஆயிரம் ரூபாய்க்குள் முடிந்துவிட்டது. ஆறரை மணிக்கே வெள்ளைத் தரையின் கூச்சத்தில் கண் திறக்க முடியவில்லை. அடுத்த வீட்டு மாடியில் வடாம் காய வைக்க வந்த அம்மையார் எங்களைப் பார்த்துப் பொங்கலா என்று கேட்டார்.

நேற்று மாலை நான்கு மணிக்குக் கருவியைக் காட்டினேன். முதல் முறையாக எண் வந்தது: 39.4. கூரைக்கு இன்னும் காய்ச்சல்தான், ஆனால் ஜன்னி தெளிந்துவிட்டது. இரவு பதினொரு மணிக்குப் படுத்தால் தூக்கம் வருகிறது. இதைத் தனிமனிதப் பொறுப்பின் வெற்றி என்று யாரும் பாராட்ட வேண்டாம். வேறொருவருடைய கட்டடத்துக்கு நான் போட்ட மருந்து இது.

2023 மே 21

வீட்டுக்காரரைப் பற்றி ஏப்ரல் 29 அன்று எழுதியதைத் திரும்பப் பெறுகிறேன். இந்த முறை மின்கட்டணம் வந்தபோது அவருடைய ரசீதைக் காட்டச் சொல்லி வாங்கிப் பார்த்தேன். கொள்ளைக் கணக்கு தலைகீழாகிவிட்டது.

இரண்டு தளத்துக்கும் சேர்த்து 700 யூனிட். அதில் நாங்கள் 260, அவர் 440. 2022 செப்டம்பரில் கட்டணம் மாறிய பின், 500 யூனிட்டுக்குள் நிற்கிற வீட்டுக்கு ஒரு விலைப்பட்டியல், அதைத் தாண்டுகிற வீட்டுக்கு வேறொரு விலைப்பட்டியல். 440 யூனிட் மட்டும் என்றால் அவருக்கு 1,365 ரூபாய்தான் வந்திருக்கும். எங்கள் 260-ஐச் சேர்த்ததும் 500-ஐத் தாண்டி, இரண்டாவது நூறின் சலுகை பறிபோய், மேலே உள்ள யூனிட்டுகளுக்கு எட்டும் ஒன்பதும் ஆகி, மொத்தம் 3,650. அதாவது எங்களால் அவருக்குக் கூடிய செலவு 2,285 ரூபாய். எங்களிடம் அவர் வாங்கியது 260 பெருக்கல் எட்டு, 2,080. கொள்ளையடித்தவருக்கு 205 ரூபாய் நட்டம்.

எங்களுக்குத் தனி இணைப்பு இருந்திருந்தால் 260 யூனிட்டுக்கு 495 ரூபாய் கட்டியிருப்போம், அவர் 1,365, ஆக மொத்தம் 1,860. தனி இணைப்பு கேட்கலாமே என்றேன். அவர் சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டு, மாடி அங்கீகரிக்கப்பட்ட வரைபடத்தில் இல்லை என்றார். இரு வீட்டுக்கும் சேர்த்து இரண்டு மாதத்துக்கு 1,790 ரூபாயை அந்த விடுபட்ட வரைபடம் தின்றுகொண்டிருக்கிறது.

500 யூனிட் என்றால் 1,725 ரூபாய், 501 என்றால் 1,958 ரூபாய் என்பதைத் தெரியாதவர்கள் ஒருமுறை எழுதிப் பார்த்துக்கொள்ளுங்கள். தமிழ்நாட்டில் இதைவிட வலுவான ஆற்றல் சிக்கனப் பிரசாரம் எதுவும் கிடையாது. எங்கள் தெருவில் கணக்கெடுக்க வரும் தேதி நெருங்கும்போது மீட்டர் பெட்டிக்கு எதிரே பெரியவர்கள் டார்ச் விளக்கோடு நின்று எட்டிப் பார்ப்பதைக் கண்டிருக்கிறேன்.

2023 ஜூன் 11

முதலில் கேட்ட நண்பர், "அரசா தனிமனிதனா என்று கேட்டேன், நீங்கள் உங்கள் வீட்டுக் கட்டணத்தைப் பேசிக்கொண்டிருக்கிறீர்கள்" என்கிறார். அந்தக் கேள்விக்குத்தான் பதில் தேடிக்கொண்டிருந்தேன், அது கட்டண ரசீதில் கிடைத்தது.

ஒரு யூனிட்டை மிச்சப்படுத்தினால் அந்தப் பணம் யாருடைய சட்டைப்பையில் விழுகிறது என்று பாருங்கள். குளிர்சாதனம் வைத்து 600, 700 யூனிட் ஓட்டுகிற வீட்டுக்காரர் ஒரு யூனிட்டைக் குறைத்தால் அவருக்கு எட்டோ ஒன்பதோ ரூபாய் மிச்சம். அவருக்கு அரசு எதுவும் தர வேண்டியதில்லை. நட்சத்திரக் குறியீட்டை ஒழுங்காக ஒட்டினால் போதும், அவரே கடையில் நின்று கணக்குப் போட்டுக்கொள்வார். இந்த ஆண்டு ஜனவரி முதல் கூரை மின்விசிறிக்கும் நட்சத்திரக் குறியீடு கட்டாயமாகிவிட்டது.

மறுமுனையில் 90 யூனிட்டில் வாழ்கிற வீடு. ஓர் அறை, ஒரு விசிறி, இரண்டு விளக்கு, ஒரு தொலைக்காட்சி. அவர்கள் கட்டணமே கட்டுவதில்லை. 3,000 ரூபாய் கொடுத்து பி.எல்.டி.சி. விசிறி வாங்கினால் அவர்களுக்கு ஒரு காசும் மிச்சமாகாது. அவர்களிடம் போய்ச் சுற்றுச்சூழல் பற்றிப் பேசுவது எனக்கு அநாகரிகமாகவே படுகிறது. ஆனால் அந்த இலவச யூனிட்டுக்கு மின்வாரியத்தின் கணக்கில் 4.50 ரூபாய் விலை உண்டு, அதை மானியமாகக் கட்டுவது அரசு. ஒரு விசிறியால் 43 யூனிட் குறைந்தால் இரண்டு மாதத்துக்கு 193 ரூபாய் மிச்சமாவது அரசுக்கு. கார்த்திகை, மார்கழி, தையில் விசிறி ஓடாது என்று கழித்து ஆண்டுக்கு ஒன்பது மாதம் என்று வைத்தாலும் 870 ரூபாய். மூன்றரை ஆண்டில் விசிறியின் விலை வந்துவிடுகிறது. மிச்சம் அரசுக்கு என்றால், விசிறியையும் அரசே வாங்கித் தர வேண்டும்.

இதைக் கேட்டுச் சிரிப்பவர்கள் 2011-ஐ நினைத்துப் பாருங்கள். மிக்சியோடும் கிரைண்டரோடும் வீட்டுக்கு வீடு மின்விசிறி கொடுத்த மாநிலம் இது. அதற்கு முன் வண்ணத் தொலைக்காட்சி கொடுத்த மாநிலம். மின்சாரம் தின்னும் பொருளை இலவசமாகக் கொடுக்கத் தெரிந்த கைக்கு, குறைவாகத் தின்னும் பொருளைக் கொடுப்பது புதிய வித்தை ஆகாது. எல்.இ.டி. விளக்கில் நடந்ததும் இதுதான். மத்திய அரசின் நிறுவனம் மொத்தமாக ஒப்பந்தம் போட்டு வாங்கத் தொடங்கியபோது, 2014-ல் ஒரு விளக்கு 310 ரூபாய். 2016-ல் அது 38 ரூபாய்க்கு இறங்கியது. தனித்தனியாக நாம் கடை கடையாகப் பேரம் பேசியிருந்தால் இருபது ரூபாய் குறைத்திருப்பார்கள்.

மூன்றாவது வகை என் கூரை. அதைச் சரிசெய்தால் மிச்சம் எனக்கு, செலவு வீட்டுக்காரருக்கு. ஆகவே யாரும் செய்யமாட்டார்கள். தனிமனிதன், அரசு என்ற இரண்டு பெட்டியிலும் அடங்காத இந்த இடத்தில்தான் சென்னையின் பாதி வெக்கை தேங்கி நிற்கிறது என்பது என் எண்ணம். இதற்கு விடை எனக்கு இன்னும் பிடிபடவில்லை.

2023 ஜூலை 16

ஏப்ரலில் ஒரு யூனிட்டுக்கு 0.7 கிலோ என்று எல்லா நேரத்துக்கும் பொதுவாக எழுதியது பற்றி ஓர் ஐயம். நாகர்கோவிலுக்கு ஒரு திருமணத்துக்குப் போய் வந்தேன். ஆரல்வாய்மொழி, முப்பந்தல் பக்கம் ஒரு காற்றாலைகூடச் சும்மா நிற்கவில்லை. பேருந்துக் கண்ணாடியைத் திறக்க முடியாத காற்று. ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்கிற மாதத்தில் நான் சேமிக்கும் யூனிட்டும், சித்திரையில் இரவு பத்தரை மணிக்குச் சேமிக்கும் யூனிட்டும் ஒன்றாக முடியுமா? சித்திரை இரவில் சூரிய ஒளி இல்லை, காற்றும் பெரிதாக இல்லை, ஊரெல்லாம் குளிர்சாதனம் ஓடுகிறது. அந்த நேரத்தில் அனல் நிலையங்கள்தான் தாங்கிப் பிடிக்கின்றன. 0.7 என்பது ஆண்டு முழுவதற்கும், நாடு முழுவதற்கும் எடுத்த சராசரி. ஆகவே நேரத்தைப் பார்த்துச் சிக்கனம் பிடிப்பதே சரி. ஆனால் வீட்டு மீட்டர் நேரம் பார்த்துக் கட்டணம் போடுவதில்லை, எனவே எனக்கு அதைச் சொல்லித் தரவும் ஆளில்லை.

2023 ஜூலை 18

"அரசு செய்யாவிட்டால் நாமே செய்துகொள்வோம், அதுதான் தன்மானம்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். தன்மானத்தின் விலையை நாம் ஒருமுறை கொடுத்திருக்கிறோம். 2012-ல் மின்வெட்டு உச்சத்தில் இருந்தபோது சென்னைக்கு வெளியே பல ஊர்களில் நாளுக்குப் பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் மின்சாரம் இல்லை. அப்போது விழுப்புரத்தில் இருந்தோம். கடன் வாங்கி இன்வெர்ட்டரும் பேட்டரியும் வாங்கினோம், தெருவே வாங்கியது. மின்சாரம் வந்தவுடன் எல்லா வீட்டு பேட்டரியும் ஒரே நேரத்தில் உறிஞ்சத் தொடங்கும், மின்னழுத்தம் இறங்கிக் குழல் விளக்கு கண்சிமிட்டும். பேட்டரியில் ஏற்றி இறக்குவதில் நூற்றுக்கு இருபது யூனிட்டுக்கு மேல் வெப்பமாகவே வீணாகும். மாதம் தவறாமல் வடிநீர் வாங்கி ஊற்றியதும், மூன்றாண்டில் பேட்டரி செத்ததும் தனிக் கதை. மின்நிலையத்தில் செய்ய வேண்டியதை வீட்டு வரவேற்பறையில் செய்தால் இப்படித்தான் ஆகும்.

2023 ஆகஸ்ட் 27

கூரைக்கு விடை தேடும்போது வீட்டுக்காரரின் பக்கவாட்டுச் சந்தில் நின்றுகொண்டிருந்தேன். அங்கே சுவரோரமாக மாடியிலிருந்து ஒரு குழாய் இறங்கி, சிமெண்டு மூடி போட்ட ஒரு குழியில் முடிகிறது. 2003-ல் போட்ட மழைநீர் சேகரிப்பு.

வயதில் இளையவர்களுக்காகச் சொல்கிறேன். அந்த ஆண்டு தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடங்களுக்கும், புதியதோ பழையதோ, மழைநீர் சேகரிப்பு கட்டாயம் என்று அரசு சட்டம் போட்டது. கெடு வைத்தார்கள், குடிநீர் இணைப்பைத் துண்டிப்போம் என்றார்கள். பிளம்பர்களுக்கு நிற்க நேரமில்லை. கெடுவுக்குப் பயந்து குழிக்குள் போகாமல் மண்ணில் செருகிய வெறும் குழாய்களும் ஏராளம். சோதிக்க வருகிறவர் தோண்டியா பார்க்கப் போகிறார் என்ற தைரியம். ஆனாலும் அடுத்துவந்த நல்ல மழைகளில் கிணறு ஊறியதைக் கண்ணால் பார்த்தவர்கள் பலர். தமிழ்நாட்டு வீடுகளுக்குள் ஒரு சட்டம் அவ்வளவு ஆழமாக நுழைந்தது அபூர்வம். குழி வீட்டுக்காரருடையது, ஊறும் கிணறும் அவருடையது. செலவும் பலனும் ஒரே வாசலில் இருந்தன.

கூரைக்கு அப்படி ஒரு சட்டம் உண்டா என்று தேடினேன். 2018 டிசம்பரில் மத்திய அரசு 'ஈகோ நிவாஸ் சம்ஹிதா' என்று வீடுகளுக்கான ஆற்றல் விதித்தொகுப்பு ஒன்றை வெளியிட்டது. அதில் கூரை வழியே இறங்கும் வெப்பத்துக்கு வரம்பு இருக்கிறது: சதுர மீட்டருக்கு, உள்ளும் வெளியும் ஒரு பாகை வெப்பநிலை வேறுபாட்டுக்கு, 1.2 வாட். எங்கள் தலைக்கு மேலுள்ளது போன்ற வெற்றுக் கான்கிரீட் இதைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் கடத்தும். ஆனால் அந்தத் தொகுப்பு புதிய கட்டடங்களை, அதிலும் பெரியவற்றை, மனத்தில் வைத்து எழுதியது. 2009-ல் வரைபடமில்லாமல் முளைத்த மாடி எந்தத் தொகுப்பிலும் வராது. பக்கத்தில் தெலங்கானா இந்த ஏப்ரலில் குளிர்கூரைக் கொள்கை என்றே தனியாக அறிவித்திருக்கிறது. அகமதாபாத் 2010-ன் வெப்ப அலையில் பட்டபின் 2013-லேயே வெப்பச் செயல்திட்டம் வகுத்த நகரம். அங்கே குடிசைகளின் கூரைக்கு வெள்ளையடிக்கிறார்கள்.

2003 போல ஓர் ஆணை வந்தால் வீட்டுக்காரர் செய்வாரா என்று அவரிடமே கேட்டேன். "தண்ணீர்க் குழாயை வெட்டுவேன் என்றால் செய்வேன்" என்றார். நேர்மையான மனிதர்.

அந்தக் குழியின் மூடியை அன்று இருவருமாகச் சேர்ந்து நெம்பித் திறந்தோம். உள்ளே கூழாங்கல்லுக்குப் பதில் இருபது ஆண்டு வண்டலும் ஐந்து டென்னிஸ் பந்துகளும். இரண்டு பந்துகள் அவருடைய மகனுடையவையாம். அவன் இப்போது டல்லாஸில் இருக்கிறான்.

2023 டிசம்பர் 10

மிக்ஜாம் புயல். நான்காம் தேதி முழுவதும் மழை, மூன்று நாள் மின்சாரம் இல்லை. கீழ்வீட்டில் முழங்கால் அளவு தண்ணீர் ஏறியதால் வீட்டுக்காரர், அவர் மனைவி, அவர்களுடைய குளிர்பதனப் பெட்டியில் இருந்த மாவு எல்லாம் எங்கள் வீட்டில் தங்கின. வரைபடத்தில் இல்லாத மாடிதான் எல்லாரையும் காப்பாற்றியது. அது பற்றி இருவரும் எதுவும் பேசிக்கொள்ளவில்லை.

சுண்ணாம்பு போய்விட்டது. பாசி படர்ந்து மொட்டைமாடி கரும்பச்சையாக இருக்கிறது. அதாவது ஆண்டுக்கு ஆண்டு அடிக்க வேண்டும். மே மாதம் ஆயிரம் ரூபாய்க்குள் முடிந்தது என்று பெருமையாக எழுதியவன் அதை ஆயுள் முழுவதற்கும் பெருக்கியிருக்க வேண்டும்.

2024 மார்ச் 3

வீட்டுக்கூரையில் சூரிய மின்தகடு வைக்க மத்திய அரசு புதிய திட்டம் அறிவித்திருக்கிறது. ஒரு கோடி வீடுகள், இரண்டு கிலோவாட் வரை கிலோவாட்டுக்கு 30,000 ரூபாய் மானியம், மூன்று கிலோவாட்டுக்கு 78,000. கீழே கொண்டுபோய்ச் செய்தித்தாளைக் கொடுத்தேன். வீட்டுக்காரர் படித்துவிட்டு, மீதிப் பணத்தை யார் போடுவது என்றார். கூரை அவருடையது, எனவே அவர்தான். நன்மை இரண்டு வீட்டுக்கும், எனவே நானும் கொஞ்சம். இந்த "கொஞ்சம்" என்பதில் பேச்சு நின்றுவிட்டது.

2024 மே 5

ஒரு வாக்குமூலம். குளிர்சாதனம் வாங்கிவிட்டேன்.

ஏப்ரல் கடைசி வாரத்தில் அம்மாவுக்கு இரவில் தலைசுற்றல் வந்து, உடலில் நீர் வற்றியிருக்கிறது, அறை குளிர்ச்சியாக இருக்க வேண்டும் என்று மருத்துவர் சொன்னபின், இவ்வளவு நாள் இங்கே எழுதிய எதையும் நான் நினைத்துப் பார்க்கவில்லை. ஒரு டன், ஐந்து நட்சத்திரம். 24 பாகையில் தொடங்குவது போல்தான் ஆலையிலேயே அமைத்து அனுப்புகிறார்கள். 2020 முதல் அப்படி ஒரு விதி. அதை 26-ல் வைத்து, விசிறியையும் சுற்றவிட்டிருக்கிறோம். ஒரு நாடாவில் இப்போது இரண்டு தொலையியக்கிகள்.

மே 2-ஆம் தேதி மாநிலத்தின் உச்சத் தேவை 20,830 மெகாவாட். இதுவரை இல்லாத அளவு. அதில் ஒரு கிலோவாட்டுக்குச் சற்றுக் குறைவாக எங்கள் அம்மாவுடையது. சென்ற ஆண்டு இதே நாள்களில் தனிமனிதப் பொறுப்பைப் பற்றி எழுதியவன் என்னும் முறையில் யாராவது கேள்வி கேட்டால் பதில் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன். தட்டோடு பதித்த கூரையாக இருந்திருந்தால் இதை இன்னும் சில ஆண்டுகள் தள்ளிப்போட்டிருக்கலாம் என்றுதான் சொல்ல முடியும்.

2024 ஜூன் 23

குளிர்சாதனத்தால் எதிர்பாராத ஒன்று நடந்திருக்கிறது. இந்த முறை இரு வீட்டுக்கும் சேர்த்து 980 யூனிட். 800-க்கு மேல் உள்ள 180 யூனிட்டுக்குத் தலா பத்து ரூபாய். மொத்த ரசீது 6,350. நான் என் பங்கைக் கூட்டித்தான் கொடுத்தேன், ஆனாலும் அந்த எண்ணைப் பார்த்த அன்று மாலையே வீட்டுக்காரர் மார்ச் மாதச் செய்தித்தாளைத் தேடி எடுத்துக்கொண்டு படியேறி வந்தார். மூன்று கிலோவாட் என்றால் சென்னை வெயிலுக்கு நாளைக்குச் சுமார் 12 யூனிட், இரண்டு மாதத்துக்கு 720. அதைக் கழித்தால் ரசீது சலுகைப் பட்டியலுக்குள் வந்து விழுந்துவிடும். ஓராண்டுக்கு மேலாக நான் வெப்பம், பருவநிலை, நியாயம் என்று பேசியது நகர்த்தாத கல்லை 6,350 ரூபாய் நகர்த்திவிட்டது. "கொஞ்சம்" எவ்வளவு என்பதும் பத்து நிமிடத்தில் முடிவானது: நான் பத்தாயிரம் போடுகிறேன், மூன்றாண்டுக்கு வாடகையை ஏற்ற மாட்டார்.

நேற்று இரண்டு இளைஞர்கள் வந்து மொட்டைமாடியில் நூல் பிடித்து, சாக்குக்கட்டியால் தகடுகள் வரும் இடத்தைக் குறித்துவிட்டுப் போயிருக்கிறார்கள். துணி காயும் கொடியை மாற்றிக் கட்டச் சொல்லியிருக்கிறார்கள். தகட்டின் நிழல் தளத்தில் விழும், அந்த இடத்தில் சூடு இறங்காது என்பதால், கோடு எங்கெங்கே போகிறது என்று காலால் அளந்து பார்த்தேன். தண்ணீர்த் தொட்டியின் நிழல் படாத இடம் வேண்டும் என்பதால் எல்லாத் தகடுகளும் தெற்கு மூலையில், எங்கள் சமையலறைக்கும் கழிப்பறைக்கும் மேலே வருகின்றன. அம்மாவின் அறைக்கு மேலே ஒன்றும் இல்லை.

கிளிஞ்சல் சுண்ணாம்பு ஒரு மூட்டை வாங்கி வைத்திருக்கிறேன். ஆடி பிறப்பதற்குள் ஒரு ஞாயிற்றுக்கிழமை அடிக்க வேண்டும். இந்த முறை வீட்டுக்காரரும் துடைப்பத்தோடு வருவதாகச் சொல்லியிருக்கிறார்.